5-புரோமோயுராசில்: ஒரே காரம் அடையாளக் குறியாகவும் திடீர்மாற்றத் தூண்டியாகவும் இருப்பது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். வளர்ப்பு ஊடகத்தில் வளரும் பாலூட்டிச் செல்களில் எத்தனை விழுக்காடு டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டிருக்கின்றன என்று கணக்கிடும் வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். இதற்காக 5-புரோமோடிஆக்சியூரிடினை (டி.என்.ஏ.வின் எழுத்து போன்ற காரமான 5-புரோமோயுராசிலோடு சர்க்கரை சேர்ந்த வடிவத்தை), அதாவது ஆய்வகங்களில் எல்லோரும் ‘பிஆர்டியு’ என்று சுருக்கமாகச் சொல்லும் பொருளை, 10 மைக்ரோமோலார் செறிவில் ஒரு மணி நேரம் செல்களுக்குக் கொடுக்கிறேன். பிறகு செல்களை நிலைப்படுத்தி, 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைத்து, போரேட் தாங்கல் கரைசலால் அமிலத்தை நடுநிலையாக்கிய பின் பிஆர்டியுவை அடையாளம் கண்டு பற்றும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சேர்க்கிறேன். செய்முறைக் குறிப்பில் உள்ளபடியே செய்தால் உட்கருக்கள் நன்றாக ஒளிர்கின்றன.

ஆனால் நான் செய்வதன் காரணம் எனக்கே புரியாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்ற உறுத்தல் நீங்கவில்லை. அமிலப் படியை ஒருமுறை விட்டுப் பார்த்தேன். எந்த உட்கருவும் ஒளிரவில்லை. அமிலப் படியைச் சேர்த்தாலோ, அதே செல்களில் நான் குறியாக வைத்திருக்கும் பச்சை ஒளிர்புரதம் முற்றிலும் மங்கிப்போகிறது. செல்களில் எது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிறகு பிரித்தறிய முடிவதில்லை.

இதைவிட அடிப்படையான ஐயம் ஒன்றும் உண்டு. மரபியல் பாடநூல்களில் 5-புரோமோயுராசில் திடீர்மாற்றத்தைத் தூண்டும் பொருளுக்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. செல் உயிரியல் கட்டுரைகளிலோ அதே பொருள் செல்லுக்கு எந்தத் தொந்தரவும் தராத வெறும் அடையாளம் போலக் கையாளப்படுகிறது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? என் கணக்கீட்டை நான் எந்த அளவுக்கு நம்பலாம்? கரைசல் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டும் என்று மூத்த மாணவர்கள் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விளக்குவோருக்கு நன்றி.

பதில் 1 (கரிம வேதியியல் பின்னணி உள்ளவர்)

தங்கள் கேள்விகள் நான்காகத் தோன்றினாலும் அவற்றின் விடை ஒரே அணுவில் இருக்கிறது. தைமின் வளையத்தின் ஐந்தாம் கார்பனில் உள்ள மெத்தில் தொகுதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு புரோமினை வைத்தால் கிடைப்பதுதான் 5-புரோமோயுராசில். மெத்தில் தொகுதியின் வான் டெர் வால்ஸ் ஆரம் ஏறத்தாழ 2.0 ஆங்ஸ்ட்ராம், புரோமினுக்கு அது 1.95 ஆங்ஸ்ட்ராம். பருமனில் இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், தைமிடினை ஏற்றுக்கொள்ளும் நொதிகள் பிஆர்டியுவையும் ஏற்றுக்கொள்கின்றன. செல்லுக்குள் நுழைந்ததும் தைமிடின் கைனேஸ் அதற்குப் பாஸ்பேட் சேர்க்கிறது, அடுத்தடுத்த கைனேஸ்கள் அதை மூபாஸ்பேட்டாக்குகின்றன, டி.என்.ஏ. பாலிமரேஸ் அதை அடினினுக்கு எதிரே தைமினின் இடத்தில் வைத்துவிடுகிறது. ஐந்தாம் இடம் இரட்டைச் சுருளின் பெரும்பள்ளத்தை நோக்கி நிற்பதால், அடினினுடன் அமையும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கும் புரோமின் இடையூறு செய்வதில்லை.

பருமன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதன் உறவுக் காரங்களைப் பாருங்கள். ஃபுளோரினின் ஆரம் ஏறத்தாழ 1.35 ஆங்ஸ்ட்ராம்தான், அது மெத்திலைவிட ஹைட்ரஜனையே ஒத்திருக்கிறது. ஆகவே 5-ஃபுளோரோயுராசில் தைமினாக நடந்துகொள்ளாமல் யுராசிலாக நடந்துகொள்கிறது. அதிலிருந்து உருவாகும் ஒற்றைப் பாஸ்பேட் வடிவம் தைமிடிலேட் சிந்தேஸ் நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குவதால்தான் அது புற்றுநோய் மருந்தாகிறது. குளோரினும் அயோடினும் மெத்திலுக்கு இரு பக்கமும் அமைந்திருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் டிஆக்சியூரிடின்களும் டி.என்.ஏ.வுக்குள் தைமிடினாகவே நுழைகின்றன. புரோமின் இவ்வரிசையில் மிகப் பொருத்தமான இடத்தில் நிற்கிறது.

பருமனில் ஏமாற்றும் புரோமின், எலக்ட்ரான் கவர்திறனில் மெத்திலிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. மெத்தில் தொகுதி வளையத்துக்கு எலக்ட்ரானைச் சற்றுத் தள்ளிக்கொடுக்கும். புரோமினோ வளையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இதன் விளைவாக மூன்றாம் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன் தளர்ந்துவிடுகிறது. தைமிடினில் அந்த ஹைட்ரஜனின் பிகேஏ மதிப்பு (இது குறையக் குறைய ஹைட்ரஜன் எளிதில் கழலும்) 10-ஐ நெருங்கி நிற்க, பிஆர்டியுவில் அது 8-க்கு அருகே இறங்கிவிடுகிறது. அதாவது செல்லின் இயல்பான அமில-காரச் சூழலில் தைமின் ஏறக்குறைய முழுவதும் தன் வழக்கமான கீட்டோ வடிவிலேயே (ஹைட்ரஜன் நைட்ரஜனில் அமர்ந்திருக்கும் வடிவில்) இருக்கிறது. புரோமோயுராசிலில் ஒரு பகுதி அவ்வடிவத்திலிருந்து விலகுகிறது. விலகிய வடிவம் அடினினை விட்டுக் குவானினுடன் இணையும் ஆற்றல் பெற்றது.

இங்கேதான் திடீர்மாற்றம் பிறக்கிறது. அது இரண்டு வழிகளில் நேரலாம். ஏற்கெனவே அச்சு இழையில் (புதிய இழைக்கு மாதிரியாக அமையும் இழையில்) அடினினுக்கு எதிராக முறையாக அமர்ந்துவிட்ட புரோமோயுராசில், அடுத்த இரட்டிப்பின்போது தவறுதலாகக் குவானினை ஏற்றுக்கொண்டால், அடினின்-தைமின் இணை குவானின்-சைட்டோசின் இணையாக மாறிவிடும். மாறாக, உள்ளே வரும் மூபாஸ்பேட் தொடக்கத்திலேயே அச்சு இழையின் குவானினுக்கு எதிரே அமர்ந்துவிட்டால், மாற்றம் எதிர்த்திசையில், குவானின்-சைட்டோசினிலிருந்து அடினின்-தைமினுக்கு நடக்கும். பென்சரும் ஃபிரீஸும் 1958-இல் டி4 பாக்டீரியா வைரசில் இக்காரம் தூண்டிய மாற்றங்கள் மரபணுவின் குறிப்பிட்ட புள்ளிகளில் குவிவதைக் காட்டினார்கள். மூலக்கூறு அளவில் திடீர்மாற்றத்தைப் புரிந்துகொள்ள இவ்வேலை பெரிதும் உதவியது.

இவை எல்லாம் உண்மையாயினும் தங்கள் ஒரு மணி நேர அளவீடு கெட்டுப்போவதில்லை. தவறான இணைவுகள், சரியான இணைவுகளோடு ஒப்பிடும்போது மிக அரிதானவை. செல் எஸ் கட்டத்தில் (டி.என்.ஏ. இரட்டிக்கும் கட்டத்தில்) இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்கும் சோதனையில் அவை விடையை மாற்றுவதில்லை. மேலும் தாங்கள் செல்களை உடனே நிலைப்படுத்திவிடுகிறீர்கள்; தவறு வேரூன்றுவதற்கு வேண்டிய அடுத்த இரட்டிப்பே நடப்பதில்லை. அச்சு இழையில் நேரும் பிழை வெளிப்பட ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் தேவை என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனால் இதே பொருளை நாள்கணக்கில் ஊட்டி, அதன்பின் அச்செல்களின் மரபியலையோ நடத்தையையோ ஆராய முற்பட்டால், அப்போது அது வெறும் அடையாளம் அன்று.

பதில் 2

முந்தைய பதிலில் ஒரு சிறு சேர்க்கை தேவைப்படுகிறது. ‘விலகிய வடிவம்’ என்று அவர் பொதுவாகச் சொன்னதைப் பழைய பாடநூல்கள் ஈனால் வடிவம் (ஹைட்ரஜன் நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கு மாறிய வடிவம்) என்றே எழுதின. இன்றும் பல வகுப்பறைகளில் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் வேறொரு படத்தைக் காட்டுகின்றன. புரோமோயுராசில்-குவானின் இணை, நடுநிலையான சூழலில் சற்று நழுவி நிற்கும் தளர்வான இணைவாகவும், காரத்தன்மை கூடும்போது ஹைட்ரஜனை இழந்து மின்சுமை ஏற்ற புரோமோயுராசிலைக் கொண்ட, வழக்கமான வடிவமுள்ள இணைவாகவும் காணப்படுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று சமநிலையில் இருக்கின்றன. பிகேஏ இறங்கியதைப் பற்றி அவர் சொன்னது இதனோடு நன்றாகப் பொருந்துகிறது. ஈனாலை மட்டும் குற்றவாளியாக்குவதை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பாலூட்டிச் செல்களில் பிஆர்டியுவின் தீங்குக்குப் பெரும் பங்கு, அது டி.என்.ஏ.வுக்குள் இருப்பதால் மட்டும் வருவதில்லை. அதன் மூபாஸ்பேட், இயற்கையான தைமிடின் மூபாஸ்பேட்டைப் போலவே டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களை உருவாக்கும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதியின் கட்டுப்பாட்டு இடத்தில் அமர்ந்து, சைட்டிடின் இருபாஸ்பேட் ஒடுக்கப்படுவதைத் தடுக்கிறது. செல்லில் டிஆக்சிசைட்டிடின் மூபாஸ்பேட்டின் இருப்பு குறைகிறது. குவானினுக்கு எதிரே அமர வேண்டிய சைட்டோசின் தட்டுப்பாடாகி, அதே நேரத்தில் புரோமோயுராசில் மிகுந்திருந்தால், தவறான இணைவு பெருகுவது இயல்பே. இதனால்தான் நீண்ட நேர ஊட்டலில் டிஆக்சிசைட்டிடினைச் சேர்த்துக் கொடுப்பது தீங்கைத் தணிக்கிறது. தங்கள் 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம் என்ற அளவில் இதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பதில் 3 (நுண்ணோக்கி ஆய்வில் பல ஆண்டுகள் உள்ளவர்)

அமிலப் படியையும் பச்சைப் புரதத்தையும் பற்றி நான் எழுதுகிறேன். இந்தச் சிக்கலில் நானும் தொடக்கத்தில் பல வாரங்களை இழந்திருக்கிறேன்.

தாங்கள் பயன்படுத்தும் எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரிவது புரோமின் ஏந்திய காரத்தின் முகம். அக்காரம் இரட்டைச் சுருளுக்குள் இருக்கும்போது ஒரு பக்கம் அடினினுடன் இணைந்தும், மேலும் கீழும் அண்டைக் காரங்களோடு அடுக்கப்பட்டும் இருக்கிறது. எதிர்ப்பொருள் சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய புரதம். அந்த அடுக்குக்குள் அது கை நுழைக்க முடியாது. ஆகவே இழைகளைப் பிரித்து ஒற்றை இழையாக்கினால்தான் அது காரத்தைத் தொடும். அமிலம் காரங்களுக்கு ஹைட்ரஜன் ஏற்றி அவற்றின் இணைப்பைக் குலைக்கிறது. கூடவே பியூரின்கள் சிலவற்றைச் சர்க்கரையிலிருந்து கழற்றிவிட்டு இழையில் இடைவெளிகளையும் உண்டாக்குகிறது. அமிலப் படியை விட்ட தங்கள் தட்டில் எதுவும் ஒளிராமல் போனது உண்மையில் நல்ல செய்தி. எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்தத் தட்டை ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பிஆர்டியு கொடுக்காத தட்டு ஒன்றும், முதல் எதிர்ப்பொருள் சேர்க்காத தட்டு ஒன்றும் வேண்டும்.

அமிலத்தின் அளவில் கைப்பக்குவம் வேண்டும். குறைவாக இருந்தால் சில உட்கருக்கள் மட்டும் ஒளிர்ந்து, எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்து தெரியும். மிகுந்தால் உட்கருவின் விளிம்பே சிதையும். உட்கருக்களை எண்ணுவதற்காகச் சேர்க்கும் டாபி சாயம் இரட்டை இழையின் சிறுபள்ளத்தில் அமர்வதால், அமிலத்துக்குப் பின் அதன் ஒளியும் மங்கும். மொத்த உட்கருக்களின் எண்ணிக்கை தவறினால் விழுக்காடும் தவறும் என்பதால், டாபி மங்கியிருந்தால் ஒளிப்பதிவு நேரத்தைக் கூட்டித் தனியாகச் சரிபாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பச்சைப் புரதத்துக்கு வருவோம். அதன் ஒளி, பீப்பாய் போல மடிந்த புரதத்தின் நடுவே பாதுகாக்கப்பட்டிருக்கும் சிறிய நிறக்கூட்டிலிருந்து வருகிறது. வன்மையான அமிலம் பீப்பாயையும் குலைக்கிறது. நிறக்கூட்டுக்கு ஹைட்ரஜனையும் ஏற்றுகிறது. ஒளி போனாலும் புரதத்தின் துண்டுகள் செல்லில் அப்படியே இருக்கின்றன என்பதால், அப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் அதைக் கண்டுகொள்ளலாம். நான் பின்பற்றும் முறை இதுதான்: முதலில் பச்சைப் புரதத்தை அதன் எதிர்ப்பொருளாலும், அமிலத்தைத் தாங்கும் சாயம் கட்டிய இரண்டாம் எதிர்ப்பொருளாலும் சாயமேற்றுவேன், பிறகு பாராஃபார்மால்டிஹைடால் பத்து நிமிடம் மீண்டும் நிலைப்படுத்தி, அந்த எதிர்ப்பொருள்களை இருந்த இடத்திலேயே பூட்டிவிடுவேன், அதன் பின்னரே அமிலப் படியும் பிஆர்டியு எதிர்ப்பொருளும். இரண்டு எதிர்ப்பொருள்களும் வெவ்வேறு விலங்கினங்களில் உருவாக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமிலமே வேண்டாம் என்றால் டிஎன்ஏஸ் நொதியைப் பயன்படுத்தலாம். அது இழையில் ஆங்காங்கே வெட்டுகளை ஏற்படுத்தி, வெட்டின் ஓரங்களில் காரங்களை வெளித்தெரியச் செய்கிறது. புரதங்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஆனால் நொதியின் ஒவ்வொரு தொகுதிக்கும் அளவைப் புதிதாகக் கண்டறிய வேண்டும். அதற்கு மக்னீசியம் அயனியும் தேவை.

மூன்றாவது வழி, காரத்தையே மாற்றிக்கொள்வது. 5-எத்தினைல்டிஆக்சியூரிடினில் புரோமினுக்குப் பதிலாக ஐந்தாம் இடத்தில் மூன்றுபிணைப்புக் கார்பன் தொகுதி ஒன்று நிற்கிறது. 2008-இல் அறிமுகமான இம்முறையில் எதிர்ப்பொருளே இல்லை. அசைடு தொகுதி ஏந்திய சிறிய சாய மூலக்கூறு, செப்பு அயனி வினையூக்கியின் துணையோடு அதனுடன் நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. சாயம் சிறியது என்பதால் இரட்டை இழையைப் பிரிக்காமலே உள்ளே சென்றுவிடும். பலரும் இதற்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. செப்பு அயனி பச்சைப் புரதத்தின் ஒளியையும் ஓரளவு கெடுக்கும். செப்பைப் பற்றிக்கொள்ளும் தொகுதி உள்ள அசைடுகளைப் பயன்படுத்தினால் செப்பின் அளவைக் குறைக்கலாம். நீண்ட நேர ஊட்டலில் எத்தினைல் வடிவம் பிஆர்டியுவைவிட மிகுந்த நச்சுத்தன்மை காட்டுவதையும் பல செல் வகைகளில் கண்டிருக்கிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து, ஒரு செல் எஸ் கட்டத்துக்குள் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று அளப்பதும் நல்ல உத்தி. அப்படிச் செய்தால் எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். பிஆர்டியு எதிர்ப்பொருள்களில் பல, எத்தினைல் வடிவத்தையும் அடையாளம் கண்டுவிடும். குளோரோ, அயோடோ வடிவங்களை இணையாகப் பயன்படுத்துவோர் ஒன்றை எலியினத்திலும் மற்றொன்றைச் சுண்டெலியிலும் உருவாக்கிய எதிர்ப்பொருள்களால் பிரித்தறிகிறார்கள். நீட்டப்பட்ட டி.என்.ஏ. இழைகளில் இரு நிறத் தடங்களின் நீளத்தை அளந்து, இரட்டிப்புக் கவை (இழைகள் பிரிந்து இரட்டிப்பு நடக்கும் முனை) நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் கார இணைகள் ஓடுகிறது என்று கணக்கிடுவது இம்முறையால்தான்.

கணக்கீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற தங்கள் ஐயத்துக்கு ஒரு சொல். பிஆர்டியு ஏறிய செல் எல்லாம் பிரியப்போகும் செல் என்று எழுதிவிட வேண்டாம். அது சொல்வது, கொடுத்த நேரத்தில் டி.என்.ஏ. கட்டப்பட்டது என்பதை மட்டுமே. பெருமளவு பழுதுநீக்கமும் மங்கிய புள்ளிகளைத் தரலாம். இரட்டித்த பின் பிரியாமல் நின்றுவிடும் செல்களும் உண்டு. வளர்ந்த மனிதரின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் பிறக்கின்றன என்று 1998-இல் வெளியான ஆய்வு, நோயறிதலுக்காகப் பிஆர்டியு கொடுக்கப்பட்டிருந்த புற்றுநோயாளிகளின் மூளைத் திசுக்களை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்ததில் கிடைத்தது. அந்த ஆய்வாளர்களும் பிஆர்டியுவை மட்டும் நம்பாமல், அதே செல்களில் நரம்புச் செல்லுக்குரிய புரதங்களையும் சேர்த்தே காட்டினார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டாபி மங்குவதை நான் கவனித்திருந்தும், விளக்கின் குறை என்றே நினைத்திருந்தேன். பழைய படங்களை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். அலுமினியத் தாள் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. திறந்த மேசையில் ஒளிபடும்படி செல்களை இரண்டு நாள் ஊட்டத்தில் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. அன்று மிகுதியான செல்கள் இறந்திருந்தன. அதற்கும் ஒளிக்கும் தொடர்பு இருக்குமா?

பதில் 4 (குரோமோசோம் ஆய்வாளர்)

நிச்சயமாக இருக்கலாம். இக்காரத்தின் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தமானது; ஆகவே சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்பனுக்கும் புரோமினுக்கும் இடையிலான பிணைப்பு வலிமை குறைந்தது. மேலும் புரோமோயுராசிலின் ஒளி உறிஞ்சல், தைமினின் உறிஞ்சலைவிட நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்து, 300 நானோமீட்டரையும் தாண்டி வால் நீட்டுகிறது. புற ஊதா ஒளி பட்டதும் புரோமின் கழன்று, ஐந்தாம் கார்பனில் இணையற்ற எலக்ட்ரான் கொண்ட தனியுறுப்பு ஒன்று உருவாகிறது. மிகுந்த வினைத்திறன் கொண்ட அது, அருகே உள்ள சர்க்கரையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அங்கே இழை அறுகிறது, அல்லது காரத்தன்மையுள்ள கரைசல் பட்டால் அறுபடும் நிலைக்கு வருகிறது. சாயம் ஏதேனும் உடன் இருந்தால் இன்னும் நீண்ட அலைநீள ஒளியே போதும். ஆகவே ஊட்டிய செல்களை ஒளியில் வைத்தால் அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது. தங்கள் செல்கள் இறந்ததற்கு இரண்டு நாள் ஊட்டமும் ஒளியும் சேர்ந்தே காரணமாகியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இனி ஊட்டும் தட்டுகளை அடைகாப்பானில் இருளிலேயே வையுங்கள். வெளியே எடுத்தால் விளக்கை மங்கலாக்குங்கள்.

இந்தக் குறையையே கருவியாக்கியவர்கள் பலர். 1967-இல் பக்கும் காவோவும் சீன வெள்ளெலியின் செல்களில் ஊட்டக் குறைபாடுள்ள திடீர்மாற்ற வகைகளைப் பிரித்தெடுத்த முறையைப் பாருங்கள். குறைந்த ஊட்டமுள்ள ஊடகத்தில் இயல்பான செல்கள் வளர்ந்து பிஆர்டியுவை ஏற்றுக்கொள்ளும். குறைபாடுள்ள செல்கள் வளர முடியாமல் அதை ஏற்காமல் இருந்துவிடும். பிறகு ஒளி பாய்ச்சினால் வளர்ந்தவை மடிகின்றன, வளராதவை பிழைக்கின்றன. ஊடகத்தைச் செறிவாக்கினால் பிழைத்தவை கூட்டமாக வளர்ந்து கைக்கு வருகின்றன. தைமிடின் கைனேஸ் இல்லாத செல் வகைகளைத் தேர்ந்தெடுத்ததும் இதே காரத்தின் நச்சுத்தன்மையால்தான்; அந்நொதி இல்லாத செல்லில் பிஆர்டியு பாஸ்பேட் ஏற்காது, ஆகவே டி.என்.ஏ.வுக்குள் நுழையாது.

என் துறையில் இதன் பயன் இன்னும் அழகானது. செல்களை இரண்டு சுழற்சிகள் பிஆர்டியுவில் வளர்த்தால், இரட்டிப்பு பாதிப் பழையதைக் காப்பது (ஒரு பழைய இழையோடு ஒரு புதிய இழை சேரும்) என்பதால், ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு குரோமேட்டிடின் (இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகளுள் ஒன்றின்) ஒரு இழையில் மட்டும் புரோமோயுராசில் இருக்கும்; அதன் இணை குரோமேட்டிடில் இரு இழைகளிலும் இருக்கும். ஹோக்ஸ்ட் 33258 சாயத்தின் ஒளிர்வு புரோமோயுராசில் உள்ள இடத்தில் மங்குகிறது என்று லாட் 1973-இல் காட்டினார். மறு ஆண்டில் பெர்ரியும் உல்ஃபும் இதனோடு ஒளியையும் ஜிம்சா சாயத்தையும் சேர்த்தார்கள். இரண்டு இழைகளிலும் புரோமின் கொண்ட குரோமேட்டிட் வெளிறியும், மற்றது கருத்தும் நிலையான படமாகத் தெரிந்தன. இரு குரோமேட்டிடுகளும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தால், கருப்பும் வெளுப்பும் இடம் மாறுவதை விரலால் சுட்டிக் காட்டலாம். புளூம் நோய்க்குறி என்னும் அரிய மரபுவழி நோய் உள்ளவர்களின் செல்களில் இம்மாற்றம் இயல்பைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பது 1974-இல் இவ்வாறே தெரியவந்தது. இன்றும் அது அந்நோயை உறுதிசெய்யும் சோதனைகளுள் ஒன்று. முதன்முறை அந்தப் படத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாடத்தில் கோடுகளாக வரைந்த இரட்டிப்பை நேரில் பார்ப்பது போலிருந்தது.

அதே கொள்கையின் அண்மைக்கால வடிவம், ஒற்றைச் செல்லின் அச்சு இழையை மட்டும் வரிசைப்படுத்தும் முறை. ஒரு சுழற்சி பிஆர்டியு கொடுத்து, ஹோக்ஸ்ட் சாயத்தோடு புற ஊதா ஒளி பாய்ச்சினால், புதிதாகக் கட்டப்பட்ட இழை மட்டும் வெட்டுப்படும். அந்த இழை, டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் படியில் கலந்துகொள்ளாது. எஞ்சிய பழைய இழை மட்டும் வரிசையாகிறது. எந்த மகள் செல் எந்த இழையைப் பெற்றது என்பதோடு, தலைகீழாகப் புரண்ட குரோமோசோம் துண்டுகளையும் இதனால் கண்டறிய முடிகிறது.

புரோமினின் கனத்துக்கும் பயன் உண்டு. இயல்பான டி.என்.ஏ. சீசியம் குளோரைடு அடர்த்திச் சரிவில் மில்லிலிட்டருக்கு 1.70 கிராமை ஒட்டி நிற்க, முழுதும் புரோமின் ஏறியது 1.80 கிராமை ஒட்டி இறங்கி நிற்கும்; ஒரு இழையில் மட்டும் ஏறியது இடையில் தனிப் பட்டையாகும். படிகவியலாளர்களுக்கோ புரோமினின் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் விளிம்பு 0.92 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் அமைந்திருப்பது வசதி. தைமினுக்குப் பதில் புரோமோயுராசில் வைத்த நியூக்ளிக் அமிலப் படிகத்தில் அவ்விளிம்பைச் சுற்றிய அலைநீளங்களில் தரவு சேர்த்து, மூலக்கூறின் வடிவத்தைக் காணத் தேவையான, ஆனால் நேரடி அளவீட்டில் விடுபடும் கட்டக் கோணங்களைக் கணக்கிடுகிறார்கள். அங்கும் அதே எச்சரிக்கைதான்; வன்மையான கதிர்க்கற்றை அளவீட்டின் நடுவிலேயே புரோமினைக் கழற்றிவிடும். புரதத்தோடு இணைந்த டி.என்.ஏ.வில் ஒளி பாய்ச்சினால், தனியுறுப்பு சர்க்கரையைத் தாக்குவதற்குப் பதிலாக நெருங்கிய அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்வதும் உண்டு. எந்தப் புரதம் எந்தக் காரத்தைத் தொடுகிறது என்று அறிய அது வழி.

வெறும் அடையாளமா என்று தாங்கள் கேட்டதற்கு, என் பக்கத்திலிருந்து ஒரு சான்று. 1960-களிலேயே, தசையாக மாற வேண்டிய முன்னோடிச் செல்களுக்குப் பிஆர்டியு ஊட்டினால் அவை இறக்காமல் தொடர்ந்து பெருகினாலும், தசையிழையாக இணைவதை நிறுத்திவிடுகின்றன என்று கண்டார்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் மரபணுக்களை அணைத்துவைக்கும் லாக் ஒடுக்கிப் புரதம், தான் பற்றும் டி.என்.ஏ. இடமான இயக்கிப் பகுதியைப் புரோமின் ஏறியிருக்கும்போது இயல்பானதைவிட இறுக்கமாகப் பற்றுகிறது என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. பெரும்பள்ளத்தில் மெத்தில் இருந்த இடத்தைத் தொட்டறியும் புரதங்களுக்குப் புரோமின் வேறு பொருள்தான். ஆகவே தங்கள் ஆய்வு செல் வேறுபாடடைவதைத் தொடுவதாயின், நீண்ட ஊட்டலைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒளி பற்றிய விளக்கத்துக்கு நன்றி. கையாளுதலைப் பற்றி மட்டும் ஒரு வரி: தூளை எடை போடும்போது கையுறையும் முகமூடியும் அணிந்து, காற்றிழுப்புப் பெட்டியினுள் செய்யுங்கள். கருவுற்றிருப்போர் இவ்வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பது முறை. மீந்த ஊடகத்தைத் தொட்டியில் ஊற்றாமல், திடீர்மாற்றத் தூண்டிகளுக்கான கழிவுக் கலனில் சேருங்கள்.

கேட்டவர்

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பச்சைப் புரதத்தை முதலில் எதிர்ப்பொருளால் சாயமேற்றி, மீண்டும் நிலைப்படுத்தி, அமிலத்தை 1.5 நார்மலாகக் குறைத்து இருபது நிமிடம் வைத்தேன். இரண்டு நிறங்களும் ஒரே படத்தில் தெளிவாகக் கிடைத்தன. அமிலம் இல்லாத தட்டு முன்பு போலவே இருளாக இருந்தது. பழைய படங்களில் டாபியைக் கூட்டி மீண்டும் எண்ணியபோது, மொத்த உட்கருக்களின் எண்ணிக்கை உயர்ந்து, இரட்டிக்கும் செல்களின் விழுக்காடு நான் முன்பு எழுதியிருந்ததைவிடக் குறைந்துவிட்டது. குறிப்பேட்டில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிவைத்திருக்கிறேன். ஊட்டும் தட்டுகள் இப்போது அடைகாப்பானின் கடைசி அடுக்கில், தாளில் சுற்றப்பட்டு இருக்கின்றன. அடுத்த வாரம் எத்தினைல் வடிவத்தையும் பிஆர்டியுவையும் அரை மணி நேர இடைவெளியில் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். அதற்கு முன் எதிர்ப்பொருள் எத்தினைல் வடிவத்தைப் பற்றுகிறதா என்று அதை மட்டும் கொடுத்த தட்டில் சோதிக்கிறேன்.